கப்பலுக்குப் பெட்டி அடுக்கியவள்

"ஹலோ... செருப்பை விடுங்க சார்!"

"நீங்க விடுங்க மேடம். மொதல்ல எடுத்தது நான்."

ஒரே ஜோடிச் செருப்பு. இடது கால் அவள் கையில், வலது கால் அவன் கையில். இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த பிளாஸ்டிக் நூல் நடுவில் விறைத்துக்கொண்டு நின்றது...

அம்பத்தூர் ஓ.டி.யில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம் முட்டி மோதிய கடை அது. வெளியே திடீர் மழை வேறு. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் வாங்க வந்தவர்கள், பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அந்த நெரிசலில்தான் இந்தச் சண்டை!

மதிவதனி நிமிர்ந்து பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம்... மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. அதற்குக் கீழே, திட்டத் தயாராக இருந்த இரண்டு பெரிய கண்கள், திட்ட வந்ததை மறந்துவிட்டு அவளையே பார்த்தன. உதடு சிரிப்பதற்கு முன்னால் தாங்களே சிரித்துவிடுகிற கண்கள்.

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம்தான்... வேறென்ன!

"இது கடல் தண்ணில போட்டுக்கிற செருப்பு. உங்களுக்கு எதுக்கு இது?"

"நான் போற எடமெல்லாம் கடல்தாங்க. பம்பு கம்பெனில சர்வீஸ் இன்ஜினியரு. மழை பெஞ்சா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல எந்தக் கம்பெனிக்குள்ள தண்ணி பூந்தாலும் என்னத்தான் கூப்புடுவாங்க. முட்டிக்கால் தண்ணில நின்னுகினு வேலை பாக்கணும். அத வுடுங்க... ஜென்ட்ஸ் செருப்பு உங்களுக்கு இன்னாத்துக்கு?"

"கப்பல்ல போறதுக்கு!"

"இன்னாது... கப்பலா?"

அவன் பிடி தளர்ந்தது. அதற்குள் விற்பனைப் பெண் காவ்யா உள்ளே புகுந்துவிட்டாள். "லேடீஸ்ல ஒண்ணு, ஜென்ட்ஸ்ல ஒண்ணுன்னு கேட்டப்பவே நெனச்சேன்க்கா! புது ஜோடியா? ஹனிமூனா? எப்பக்கா கல்யாணம்?"

எவ்வளவு சுலபமான கேள்வி! 'எனக்கில்லம்மா, என் தங்கச்சிக்கு' என்று சொல்லிவிட்டுச் செருப்பை வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டியதுதானே?

ஆனால் அன்று காலையில் இருந்து அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். திருநின்றவூரில் ரயில் ஏறும்போது எதிர்வீட்டு அம்மாள், வண்டிக்குள் பழைய பள்ளித் தோழி, வேலை செய்யும் இடத்தில் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் நாகப்பன்... எல்லோருக்கும் ஒரே கேள்வி. "பெரியவ நீ இருக்கும்போது சின்னவளுக்கா கல்யாணம்?" கேட்டுவிட்டு ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், அந்தப் பார்வைதான் அவளுக்கு ஆகாது. இரக்கம் என்ற பெயரில் ஊர் முழுக்க அவளுக்கு வழங்கிய பார்வை.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவளுக்கும் ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். வீடு தேடி வந்து தலையில் பூ வைத்துவிட்டும் போனார்கள். பூ வைத்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி என்றுதான் அவர்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புவார்கள். இரண்டு மாதம் கழித்து, பையனுக்கு வேறு இடம் அமைந்துவிட்டது என்று அவன் பெரியப்பா மூலம் சொல்லி அனுப்பினார்கள். அதோடு சரி. 'பூ வெச்சு வுட்டுட்டுப் போன பொண்ணு' என்ற பெயர் மட்டும் மிச்சம். தங்கை நிஷா தானாகவே ஒரு பையனை விரும்பி வந்து நின்றபோது, "மொதல்ல அவளுக்கு முடிங்கப்பா" என்று அப்பா துலுக்கானத்திடம் சொன்னவளும் மதிதான். வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு என்ன கல்லா?

இங்கே, இந்தக் கண்களுக்கு முன்னால்... இன்னொரு தடவை அந்தக் கதையா?

"ம்..." என்றாள் மதி. "ஆவணில."

அடிப் பாவி!

"அப்ப மாப்பிள்ளைக்குத்தான் இந்தச் செருப்பு. இந்தாங்க." அவன் வலது காலையும் அவள் கையில் வைத்துவிட்டான். "கல்யாணப் பொண்ணுகிட்ட சண்ட போட்ட பாவம் நமக்கு எதுக்கு? இங்க ஹார்பர்லேந்து இலங்கைக்குப் போற கப்பலா?"

"ஆமா. திருகோணமலைல ஒரு பகல் முழுக்க பீச்சாம்..."

"போன வருசம் எங்க கம்பெனில எங்களையும் இட்டுகினு போனாங்க. அந்த பீச்சுல நான் வாங்குன பல்பு இருக்குதே..."

மழை நிற்கவில்லை. அவள் குடை கொண்டுவரவில்லை. அதனால்தான் நின்று கேட்டாள் என்று வைத்துக்கொள்வோம்.

அவன் பெயர் டில்லிபாபு. ஆவடிக்காரன். முதல் முதலாகக் கப்பலேறிய அழகை அவன் சொன்ன விதத்தில், கடை வாசலில் ஒதுங்கி நின்றவர்களும் சிரித்தார்கள். கடற்கரைக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனானாம். நனைந்த ஜீன்ஸ் கனம் தாங்காமல் இடுப்பிலிருந்து இறங்க, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நாள் முழுக்க கடலை ரசித்தானாம்!

"அதுக்கு மின்னாடி இன்னொரு கூத்து. கப்பல்ல ஏறும்போதே பெரிய பெட்டிய வாங்கிக்குவாங்க. அது ரூமுக்கு வந்து சேர சாயங்காலம் ஆயிடும். ஷார்ட்ஸு, துண்டு எல்லாத்தையும் அதுக்குள்ள வெச்சு பூட்டிட்டேன். எல்லாரும் மேல நீச்சல் குளத்துல கும்மாளம்... நான் மட்டும் பேண்ட்டு சட்ட, ஷூவோட அட்டெண்டன்ஸ் எடுக்கிற வாத்தியார் மாதிரி சுத்திகினு இருந்தேன். நீங்க அந்தத் தப்ப பண்ணாதீங்க. குளிக்கிற டிரெஸ்ஸ கைப்பைல வெச்சுக்குங்க."

மதி சிரித்தாள். வாய் விட்டுச் சிரித்தாள். கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தோம் என்று அவளுக்கே ஞாபகம் வரவில்லை.

---

மறுநாள் மாலை அம்பத்தூர் ஸ்டேஷனில் அவன் நின்றுகொண்டிருந்தான். தினமும் அதே வண்டிதானாம். இத்தனை நாள் கண்ணில் படாதவன் இப்போது எப்படிப் பட்டான் என்று கேட்டால், அதற்கு யாரிடம் பதில் இருக்கிறது?

அதற்குப் பிறகு மாலைகள் எல்லாம் ஒரே பேச்சுத்தான். கப்பல்... பெட்டி... கடற்கரை! ஈரத் துணி போட்டுவர ஒரு தனிக் கவர் வேண்டும் என்பான். குழந்தைகளுக்குப் போடும் பவுடரைக் காலில் தடவினால் ஒட்டின மணல் உதிர்ந்துவிடும் என்பான். பருத்திச் சுடிதார் காய ஒரு நாள் ஆகும், மெல்லிசாக எடுங்கள் என்பான். அவள் வேண்டுமென்றே ஏதாவது சந்தேகம் கேட்பாள். அவனும் வேண்டுமென்றே நீட்டி முழக்கிப் பதில் சொல்வான். ஆவடி வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் முகம் சுருங்கும்...

வீட்டில் அம்மா பேபி வேறு மாதிரிப் பெட்டி அடுக்கினாள். "புதுப் பொண்ணு... ஒரு பட்டுப்பொடவ வேணாமா? புளிசோறு கட்டித் தரேன். கப்பல்ல இன்னா போடறானுங்களோ!"

"யம்மா, பீச்சுக்குப் பட்டுப்பொடவையா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் நிஷா. பெட்டியைக் குடைந்து பார்த்தவள், பவுடர் டப்பாவை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "ஆமா... இதெல்லாம் உனக்கு யாருக்கா சொல்லித் தர்றது?"

"யாரோ ஒருத்தரு. ட்ரெயின்ல வருவாரு..."

"யாரோ ஒருத்தருன்னு சொல்லும்போது எதுக்குக்கா மூஞ்சி இப்படிச் செவக்குது?"

தங்கச்சிகளுக்கு மட்டும் எங்கிருந்துதான் இந்த மூக்கு வாய்க்கிறதோ! அறைக் கதவைச் சாத்திவிட்டு நிஷா எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். அக்கா சொன்ன பொய்யைக் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கே சொல்லிடுக்கா. இன்னாத்துக்கு இழுத்துகினு போற?"

"சொன்னா எல்லாத்தையும் சொல்லணும்டி. ஏன் உனக்கு மொதல்லன்னு கேப்பாரு. அந்தப் பூக் கதையச் சொல்லணும். அப்புறம் அவரும் அப்படித்தான் பாப்பாரு..."

"பாக்கலைன்னா?"

மதி பவுடர் டப்பாவை வாங்கித் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். இன்னொருத்தனுக்கு நிச்சயமானவளாக இருக்கும்போது எத்தனை சுதந்திரமாக இருந்தது! எடை போடுகிற பேச்சு இல்லை, வயசு என்ன என்ற கேள்வி இல்லை. சும்மா சிரிக்கலாம். அந்தச் சுகத்தை விட அவளுக்கு மனசு வரவில்லை.

"ஆடி முடியட்டும். ஆடியில எவனும் நல்ல காரியம் பேச மாட்டான். அவரு எங்க போயிடப்போறாரு? உன் கல்யாணம் முடிஞ்சதும் நிதானமா சொல்லிக்கிறேன்" என்றாள்.

நிதானமாம், நிதானம்! ஆடி முடிந்த மறுநாளே எல்லா வீட்டிலும் பஞ்சாங்கத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா என்ன?

---

ஒரு நாள் தூறல். பிளாட்பாரக் கூரை ஒழுகியதால் இரண்டு பேரும் ஒரே தூணை ஒட்டி நிற்க வேண்டி வந்தது.

"இன்னொண்ணு சொல்லணும்..." என்றவன் தயங்கினான். "எங்க கம்பெனி வெங்கட்டு, கல்யாணம் ஆன புதுசுல அதே கப்பல்ல போனான். அவன் சம்சாரம் வெள்ளை டிரெஸ் போட்டுகினு கடல்ல எறங்கிட்டாங்க. புதுத் தாலிக் கயிறு பாருங்க... மஞ்சள் முழுக்க டிரெஸ்ல எறங்கிடுச்சு. போட்டோவெல்லாம் வீணாப் போச்சு. அதனால... வெள்ளை வேணாம். கலராவே எடுத்துக்குங்க."

சொல்லும்போது அவன் பார்வை அவள் கழுத்துக்குப் போயிற்று. ஒரு கணம்தான். நெருப்பைத் தொட்டவன் மாதிரி உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தக் கணத்தில் மதிக்குப் புரிந்துவிட்டது. தனக்கு மட்டும் இல்லை... அவனுக்கும்தான். அவனுக்கும்தான்!

'சொல்லு, சொல்லு' என்று அடித்துக்கொண்டது நெஞ்சு. "டில்லி, ஒரு விஷயம்..." என்று வாயையும் திறந்துவிட்டாள்.

"எனக்குப் பத்திரிகை குடுக்க மாட்டீங்களாங்க?" என்றான் அவன், தண்டவாளத்தைப் பார்த்தபடியே.

பத்திரிகையில் மணமகள் பெயர் நிஷா என்றல்லவா இருக்கிறது! திறந்த வாய் மூடிக்கொண்டது. "வந்து... எங்க ஊட்ல சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான்..."

"பரவால்லங்க." அவன் சிரித்தான். அந்தக் கண்கள் மட்டும் சிரிக்கவில்லை. "தேதியாவது சொல்லுங்க. மனசால வாழ்த்திக்கிறேன்."

அவள் தேதியைச் சொன்னாள். ஆவணியின் முதல் முகூர்த்தம்.

லீவில் போவதற்கு முந்தின நாள், போனைத் தண்ணீரில் நனையாமல் மாட்டிக்கொள்ளும் பை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அவனுடையதுதானாம், இனி தேவைப்படாதாம். "நல்லா இருங்க, மதி" என்று சொல்லிவிட்டு, ஆவடியில் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான். அப்போதாவது கூட இறங்கி ஓடியிருக்கக் கூடாதா இந்தப் பெண்? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரே வாரம், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

---

நிஷாவின் கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. மாப்பிள்ளை அபிஷேக் தங்கமான பையன். மணமக்களைத் துறைமுகம் வரை கொண்டுபோய் விட்டு, பெட்டியைக் கொடுத்துவிட்டு, மதி வேலைக்குத் திரும்பினாள். அன்று மாலை எஸ்டேட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினாள். சொல்ல வேண்டியதை நூறு முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். 'ஏமாந்தீங்களா? கல்யாணம் எனக்கில்ல சார்!' என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிக்க வேண்டும். அவன் திட்டுவான். திட்டட்டும். அப்புறம் அந்தக் கண்கள் சிரிக்கும்...

டில்லிபாபு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் துள்ளி எழுந்தான்.

"நீங்க... நீங்க கப்பல்லதான இருக்கணும்?"

அவன் கண்கள் அவள் கழுத்தைத் தேடின. மெல்லிய சங்கிலி மட்டும். மஞ்சள் கயிறு இல்லை. அவன் முகம் வெளிறிப்போயிற்று.

"இன்னாங்க ஆச்சு? கல்யாணம் நின்னுடுச்சா? யாரு இன்னா பண்ணாங்க... சொல்லுங்க மதி!"

அந்தப் பதற்றத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டு ஆரம்பிப்பதாவது!

"கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. என் தங்கச்சிக்கு."

"தங்கச்சிக்கா...?"

"அவளுக்குத்தான் கப்பலு. அவளுக்குத்தான் பெட்டி. அன்னிக்குக் கடையில அந்தப் பொண்ணு கேட்டப்போ நான்தான்... எனக்குன்னு சொல்லிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். பூ வைத்ததை, விட்டுப் போனதை, ஊர் பார்த்த பார்வையை. நடுவில் ஒரு வண்டி வந்து போயிற்று. இரண்டு பேரும் ஏறவில்லை. அவன் அவளைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை. அவள் எதற்குப் பயந்து இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, அது நடக்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"திட்டுங்க..." என்றாள்.

"எப்டிங்க திட்டறது? அம்மா ரொம்ப நாளா கேட்டுகினு இருந்தாங்க. குத்தம்பாக்கத்துல, சொந்தத்துல ஒரு பொண்ணு... வடிவுன்னு. நான் தள்ளிக்கினே வந்தேன். ஆவணி மொத முகூர்த்தம்... உங்க கல்யாணத் தேதி. அன்னிக்கு ஊட்ல சும்மா குந்திகினு, இந்நேரம் மதிக்குத் தாலி ஏறியிருக்கும், இந்நேரம் மதிக்குத் தாலி ஏறியிருக்கும்னு... முடியலங்க. அம்மா மறுபடி கேட்டாங்க. சரி போலாம்னுட்டேன். அன்னிக்கே பொண்ணுக்குப் பூவும் வெச்சுட்டு வந்துட்டாங்க."

மதி தூணைப் பிடித்துக்கொண்டாள். அவள் தங்கைக்கு அட்சதை போட்ட அதே நாளில்... அதே நாளிலா! சொல்லியிருக்கலாமே. அந்தத் தூறலில் சொல்லியிருக்கலாமே, ஆவடியில் கூட இறங்கிச் சொல்லியிருக்கலாமே! யாரைக் குற்றம் சொல்லி அழுவது?

சட்டென்று அவன் எழுந்தான். "இன்னிக்கே போய் வேணாம்னு சொல்லிடறேன். பூதானே வெச்சிருக்கு? தாலியா கட்டிட்டேன்?"

இதே வார்த்தைகள்தான். அன்றைக்கு அவளுக்குப் பூ வைத்த பையனின் பெரியப்பா, அவள் அப்பாவிடம் இதைத்தான் சொன்னார். அப்பா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்று மதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்க டில்லி."

"ஏன்?"

"அந்தப் பூ இந்நேரம் காஞ்சு போயிருக்கும். அந்தப் பொண்ணு அதத் தூக்கிப் போட மனசில்லாம எங்கனா பத்திரமா வெச்சிருக்கும். நானும் வெச்சிருந்தேன்... அவங்க வேணாம்னு சொன்னதுக்கு அப்புறமும் ரொம்ப நாள் வெச்சிருந்தேன்." கண்ணீர் இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை. "நான் சொன்ன பொய்க்கு வடிவு இன்னா பண்ணும்? அந்தப் பொண்ணையும் ஊரு என்னைப் பாக்குற மாதிரி பாக்கணுமா?"

அப்படிப் போய்ச் சொல்ல அவனால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். முட்டிக்கால் தண்ணீரில் நின்று அடுத்தவர் இடத்தைக் காப்பாற்றுகிறவன், ஒரு பெண்ணை வாசலில் விட்டுவிட்டு வரமாட்டான். அதனால்தானே இவ்வளவு பிடித்துப்போயிற்று...

திருவள்ளூர் வண்டி வந்து நின்றது.

"நீங்க போங்க மதி. நான் அடுத்த வண்டில வரேன்." கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "ஒண்ணே ஒண்ணு மட்டும்... உண்மையச் சொல்லிட்டுப் போங்க. இத்தினி நாளு... அது வெறும் வெளையாட்டாங்க?"

'ஆமா, வெளையாட்டுத்தான்' என்று சொல்லிவிடலாம். அவனுக்கு அது சுலபமாக இருக்கும். இரண்டு நாள் கோபப்பட்டுவிட்டு வடிவோடு நிம்மதியாக இருப்பான். பொய் சொல்வது அவளுக்குப் பழகின வேலைதானே? படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பொய்யை நாக்கு நுனி வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

வண்டி நகர்ந்தது. அவள் திரும்பினாள்.

"இல்லங்க... இல்ல! உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு டில்லி!"

பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவனுக்குக் கேட்டுவிட்டது. முகம் ஒரு நொடி பூவாக மலர்ந்தது. காலை எடுத்து வைத்து, வண்டியோடு நாலடி வேகமாக நடந்தான்... அப்புறம் நின்றுவிட்டான். வடிவை விட்டுவிட்டு வர வேண்டாம் என்று சொன்னதும் அவள்தானே.